ஓடும் பிள்ளைக்கு ஏற்ற சின்னக் கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் கிராஸ் கன்ட்ரியும் (புல்வெளி, மண்பாதை நெடுந்தூர ஓட்டம்) டிராக்கும் (மைதான வட்டப்பாதை ஓட்டம்) ஓடும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது எழுதப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இங்கே சின்னக் கல்லூரி என்றால் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் 3 கல்லூரிகள். ஓட்டக்காரர்கள் சொல்வதுபோல் நாமும் டி3 என்றே சொல்வோம்.

டி3 என்றால் மூன்றாந்தரம்தானே?

இல்லை. இந்தப் பிரிவினை பணத்தை வைத்து வந்தது. டி1, டி2 கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம். டி3 தரக்கூடாது. டி3-யில் சுமார் 430 கல்லூரிகள் இருக்கின்றன. எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா, கார்ல்ட்டன் எல்லாம் அதில் அடக்கம். எளிதாக இடம் கிடைக்கும் கல்லூரிகளும் அதே பிரிவில்தான் உள்ளன.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹேவர்ஃபர்ட் கல்லூரியின் கார்ல் பரான்யா 1997-லேயே ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினார். டி3 மாணவர் ஒருவர் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் முறை. ஆரிகனில் உள்ள வில்லாமெட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஓடிய நிக் சிமண்ட்ஸ் 2008, 2012 ஒலிம்பிக்கில் ஓடி, 2013 உலக சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். டி3-யின் முன்னணி அணிகள் பல டி1 அணிகளை நெடுந்தூரத்தில் முந்தக்கூடியவை. பின்வரிசை அணிகளில் சாதாரணப் பள்ளி ஓட்டக்காரருக்கும் இடம் உண்டு. இந்த இரண்டு முனைக்கும் நடுவே உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

நெடுந்தூரத்துக்குப் பேர்போன கல்லூரிகள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில் உள்ள நார்த் சென்ட்ரல் கல்லூரி. ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் 19 தேசியப் பட்டங்கள். 1966-ல் கோச்சாக வந்த ஆல் கேரியஸ் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அணியை வளர்த்தார். மகிழ்ச்சிக்காக ஓடு, உன் சொந்த நேரத்தைக் குறைக்க ஓடு என்பதே அவருடைய பாடம். சிகாகோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்லூரி. ஆனாலும் அதன் ஓட்டப் பெருமை தெரியாமல் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

கலிஃபோர்னியாவில் பொமோனா, பிட்சர் என்ற இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஒரே அணியாக ஓடுகின்றன. அந்த அணி 2019, 2021, 2023 ஆண்கள் பட்டங்களை வென்றது. 2020-ல் கோவிட் காரணமாகப் போட்டி இல்லை. 2022 எம்ஐடி. பெண்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2012-லிருந்து பத்து ஆண்டுகள் ஏறக்குறைய ஆட்சியே நடத்தியது. 2023-ல் மினசோட்டாவின் கார்ல்ட்டன் வென்றது. வில்லியம்ஸ், மிடில்பரி, மிஷிகனின் கால்வின், செயின்ட் ஓலாஃப், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் எல்லாமே பட்டம் வென்றவை. விஸ்கான்சின் லா கிராஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களும் பலமானவை, ஆனால் அவற்றில் மாணவர் எண்ணிக்கை அதிகம்.

டி2-வில் கொலராடோவின் ஆடம்ஸ் ஸ்டேட் தனிக் கதை. சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அலமோசா ஊரில், ஜோ விஹில் கோச்சாக இருந்தபோது, 1992 தேசியப் போட்டியில் முதல் ஐந்து இடத்தையும் அவர்களே பிடித்து 15 புள்ளி எடுத்தார்கள். கிராஸ் கன்ட்ரியில் குறைந்த புள்ளிக்கே வெற்றி, அதற்குக் கீழே யாரும் போக முடியாது.

பட்டங்கள் எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்பதைச் சொல்லும். உங்கள் பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது. அதற்கு அடுத்த இரண்டு பதில்களையும் பொறுமையாகப் படியுங்கள்.

கிராஸ் கன்ட்ரியில் புள்ளி எப்படி? எங்கள் பையன் அணியில் முதல் ஆள் இல்லையே?

ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடத்தைக் கூட்டினால் அணியின் புள்ளி. குறைந்த புள்ளிக்கு வெற்றி. ஒரு அணி 1, 2, 9, 21, 47 என்ற இடங்களைப் பிடித்தால் 80. இன்னொரு அணி 11, 13, 15, 17, 19 என்று கொத்தாக வந்தால் 75. முதல் இரண்டு பேரையும் வைத்திருந்த அணி தோற்றுவிட்டது, அதன் ஐந்தாம் ஆள் 47-ல் வந்ததால். ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாம் ஆளை முந்தினால் அந்த அணியின் புள்ளி ஏறும்.

அதனால் நல்ல கோச் நான்காவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ளவர்களை வளர்ப்பதில்தான் உயிரைக் கொடுப்பார். உங்கள் பிள்ளை பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் சேரப்போகிறார்.

டி3 ஆண்கள் 8 கி.மீ., பெண்கள் 6 கி.மீ. ஓடுவார்கள்.

ஒரு அணி உண்மையிலேயே பிள்ளைகளை வளர்க்கிறதா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு மாலைப் பொழுது போதும், காசும் வேண்டாம். கல்லூரி ஓட்ட முடிவுகள் எல்லாம் டிஎஃப்ஆர்ஆர்எஸ் என்ற தளத்தில் இருக்கின்றன. ஓட்டக்காரர்கள் வாயில் அது 'டிஃபர்ஸ்'.

கல்லூரியின் அணிப் பக்கத்தைத் திறந்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கிராஸ் கன்ட்ரி பருவத்துக்குப் போங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'எஃப்ஆர்-1' என்று இருப்பவர்கள் அந்த வருடம் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள். அத்தனை பெயரையும் ஒரு தாளில் இடதுபக்கம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவர் பெயரையும் சொடுக்கி, நான்கு வருடத்துக்கும் நான்கு கட்டம் போட்டு, அந்தந்த வருடத்தின் சிறந்த 5,000 மீட்டர் நேரத்தை நிரப்புங்கள். பள்ளியில் ஓடிய 3,200 மீட்டர் நேரம் அத்லெடிக் டாட் நெட் அல்லது மைல்ஸ்ப்ளிட் தளத்தில் கிடைக்கும். அதை முதல் கட்டத்துக்கு முன்னால் எழுதுங்கள்.

இப்போது தாளைப் பாருங்கள். முதலில் எண்ணிக்கை. பத்துப் பேர் சேர்ந்து நான்காம் ஆண்டில் ஆறு ஏழு பேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நல்ல இடம். மூன்றுதான் மிச்சம் என்றால் காரணம் கேட்க வேண்டும். படிப்புச் சுமை, வெளிநாட்டு செமஸ்டர், வேறு ஆர்வம் என்று நியாயமான காரணங்களும் உண்டு. அதனால் ஒரு வருடத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு வருட அணிகளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். மூன்று தாளிலும் அதே கதை என்றால் அது தற்செயல் இல்லை.

அடுத்து வளர்ச்சி. 3,200 மீட்டரை 9:50-ல் ஓடி வந்த பையனுக்கு 5,000 மீட்டரில் தொடக்கத்தில் 15:50 அளவு வருவது இயல்பு. நான்காம் ஆண்டில் அவர் 15:00-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். 11:40-ல் வந்த பெண் 18:40-ல் ஆரம்பித்து 17:40-க்கு வந்தால் அதுவும் அப்படியே. நட்சத்திரத்தின் நேரத்தைப் பார்க்காதீர்கள், அவர் எங்கே போனாலும் ஓடியிருப்பார். அணியில் எட்டாவது முதல் பதினைந்தாவது வரை இருப்பவர்களின் நேரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, இடைவெளிகள். செப்டம்பரில் இரண்டு போட்டி, பிறகு அடுத்த ஏப்ரல் வரை ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் காயம். ஒருவருக்கு அப்படி ஆவது சகஜம். ஒரே ஆண்டு முதலாண்டுக்காரர்களில் பாதிப் பேருக்குக் குளிர்காலம் முழுக்க வெற்றாக இருந்தால், வந்த பிள்ளைகளின் வாராந்தரத் தூரத்தைத் திடீரென்று ஏற்றியிருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. பதினேழிலிருந்து இருபது வயதுவரை உடல் மாறும். ஒன்றிரண்டு வருடம் நேரம் அப்படியே நிற்பதோ சற்றுக் கூடுவதோ இயல்பு. பொறுத்திருக்கும் அணிகளில் மூன்றாம், நான்காம் ஆண்டில் அவர்கள் பலமாகத் திரும்புவார்கள். அணியின் வேகமான பெண்கள் எப்போதும் முதலாண்டுக்காரர்களாகவே இருந்து, மூன்றாம் ஆண்டுக்குள் அந்தப் பெயர்கள் காணாமல் போனால், அங்கே எத்தனை கோப்பை இருந்தாலும் உங்கள் மகளை அனுப்பாதீர்கள்.

எந்த நேரம் ஓடினால் இடம் கிடைக்கும்?

தோராயமாகத்தான் சொல்ல முடியும். தேசிய அளவில் முதல் பத்தில் வரும் டி3 அணிகள் பையன்களிடம் 3,200 மீட்டரில் 9:30-ஐ ஒட்டிய நேரம், 1,600 மீட்டரில் 4:20-களின் நேரம் தேடும். பெண்களிடம் 11:00-ஐ ஒட்டி. நடுத்தர அணிகளில் 10:00–10:20 ஓடும் பையனுக்கும் 12:00 ஓடும் பெண்ணுக்கும் வரவேற்பு உண்டு. சில அணிகள் ஆர்வத்தோடு வரும் எவரையும் சேர்த்துக்கொள்ளும். சில அணிகள் 18 பேருக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இதை நேராகக் கேட்டுவிடுங்கள்.

கிராஸ் கன்ட்ரி நேரத்தை மட்டும் அனுப்பினால் கோச்சுக்குப் பயனில்லை, பாதைக்குப் பாதை அரை நிமிடம் வித்தியாசப்படும். டிராக் நேரம்தான் பேசும். இந்தியாவிலோ இலங்கையிலோ ஓடுபவர்கள் 1,500, 3,000, 5,000 மீட்டர் நேரங்களை அப்படியே தரலாம். மைல் நேரம் வேண்டுமென்றால் 1,500-ஐ 1.08-ஆல் பெருக்குங்கள்: 4:00 ஓடினால் மைல் சுமார் 4:19. நேரம் மின்னணுக் கருவியில் எடுத்ததா, கைக்கடிகாரத்தில் எடுத்ததா என்பதையும் சொல்லுங்கள். போட்டி முடிவுத் தாளின் படமும் காணொளி இணைப்பும் சேர்ந்தால் நம்பகம் கூடும்.

ஓட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்குமா?

டி3-யில் கிடையாது. 'இவன் ஓடுவான், இவனுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்கள்' என்று கோச் நிதி அலுவலகத்தில் சொல்லவும் கூடாது. யாராவது அப்படி வாக்குக் கொடுத்தால் அந்த வாக்கை நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

பணம் இரண்டு வழியில் வரும். ஒன்று, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா, ஹேவர்ஃபர்ட் போன்றவை இதை மட்டுமே தரும், ஆனால் தாராளமாகத் தரும். இரண்டு, மதிப்பெண்ணுக்கான தொகை. நார்த் சென்ட்ரல், செயின்ட் ஓலாஃப், கிரின்னெல் போன்றவை இதையும் தரும். அங்கே ஜிபிஏ (பள்ளிச் சராசரி மதிப்பெண்) கொஞ்சம் ஏறினால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் குறையும். 3,200 மீட்டரில் ஐந்து வினாடி குறைப்பதைவிட அது லாபம். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் செலவுக் கணக்கிடும் பக்கம் உண்டு. கோச்சுக்கு முதல் மின்னஞ்சல் போகும் முன்பே வருமானத்தை அதில் போட்டுப் பாருங்கள். எட்டு மாதம் பழகி, பிள்ளையின் மனசும் அங்கேயே ஒட்டிய பிறகு கட்டுபடியாகாது என்று தெரிவது வீட்டில் எல்லாருக்கும் வேதனை.

டி2-விலும், என்ஏஐஏ என்ற இன்னொரு விளையாட்டு அமைப்பின் கல்லூரிகளிலும் ஓட்டத்துக்கே தொகை உண்டு. முழுத் தொகை அபூர்வம். இருப்பதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்.

மினசோட்டாவில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் கட்டண ஒப்பந்தம் இருக்கிறது. லா கிராஸ், ஓ கிளேர் போன்ற பலமான டி3 அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலக் கட்டணம் இல்லாமலே படிக்க முடியும்.

எங்கள் பிள்ளை எச்-4 விசாவில் இருக்கிறாள். ஏதாவது மாறுமா?

மாறும், அதுவும் பணத்தில். எச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. அமெரிக்காவிலேயே பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலும் பல தனியார் கல்லூரிகள் நிதி விஷயத்தில் அவர்களை வெளிநாட்டு மாணவர் பட்டியலில் வைக்கின்றன. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு என்பதால் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோச்சிடம் கேட்டால் அவருக்கு இது தெரிந்திருக்காது.

டி3 கல்லூரிகளில் ஆம்ஹெர்ஸ்ட், போடன், எம்ஐடி மூன்றும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் முழு உதவியும் தருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இடம் கிடைப்பது மிகக் கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டும். படிப்பின் நடுவில் வரும் வேலை இது, நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்? கோச்சுக்கு என்ன எழுதுவது?

பதினோராம் வகுப்பு குளிர்காலத்தில் பட்டியல் போடுங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் மின்னஞ்சல். எழுத வேண்டியது பிள்ளை, நீங்கள் அல்ல. அப்பா எழுதிய மின்னஞ்சலைக் கோச்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொருள் வரியிலேயே பெயர், பட்டம் முடிக்கும் ஆண்டு, சிறந்த நேரம் இரண்டு வரட்டும். உள்ளே பத்து வரி போதும்: பள்ளியும் ஊரும், 800, 1,600, 3,200 நேரங்கள், ஓடிய தேதியோடு, வாரத்துக்கு இப்போது எத்தனை மைல், ஜிபிஏ, எஸ்ஏடி, படிக்க விரும்பும் பாடம், அந்தக் கல்லூரியில் தன்னை ஈர்த்த ஒரு விஷயம், ஒரு கேள்வி. வாராந்தரத் தூரத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். வாரம் 30 மைல் மட்டும் ஓடி 9:55 எடுக்கும் பையனைப் பார்த்தால் கோச்சின் கண் விரியும், ஏனென்றால் இன்னும் வளர இடம் இருக்கிறது. பத்து நாளில் பதில் வராவிட்டால் அடுத்த நல்ல போட்டி முடிந்ததும் இரண்டு வரியில் மறுபடி எழுதுங்கள்.

பதினோராம் வகுப்பு ஜனவரி 1-க்குப் பிறகு கல்லூரி தன் செலவில் டி3 மாணவரை அழைத்துக் காட்டலாம். பெரும்பாலும் இது பன்னிரண்டாம் வகுப்பு செப்டம்பர், அக்டோபரில், ஓர் இரவு அணியினரோடு தங்குவதாக நடக்கும்.

'ப்ரீ-ரீட்' என்கிறார்களே, அது என்ன?

மதிப்பெண் பட்டியல், தேர்வு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் ஆகியவற்றைக் கோச் ஜூலை வாக்கில் அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுத்து 'இந்தப் பிள்ளைக்கு வாய்ப்பு உண்டா' என்று கேட்பது. சாதகமான பதில் நல்ல அறிகுறி, உத்தரவாதம் இல்லை.

அதற்குப் பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். 'உனக்கு ஆதரவு தருகிறேன்' என்ற வார்த்தைக்குக் கல்லூரிக்குக் கல்லூரி பொருள் வேறு. சில இடங்களில் கோச்சின் பட்டியலில் இருந்தால் ஏறக்குறைய இடம் உறுதி. எம்ஐடி போன்ற இடங்களில் கோச் நல்ல வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். ஆகவே பிள்ளை மரியாதையாக, தெளிவாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: 'நீங்கள் அட்மிஷன் அலுவலகத்துக்குத் தரும் பட்டியலில் என் பெயர் இருக்குமா? சென்ற மூன்று ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் இருந்தும் இடம் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?' நல்ல கோச் இதற்குக் கோபப்பட மாட்டார். மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மற்றக் கல்லூரிகளோடு பேச்சைத் தொடருங்கள்.

கோச்சின் முழு ஆதரவு பெரும்பாலும் 'எர்லி டிசிஷன்' விண்ணப்பத்தோடுதான் வரும். கெடு நவம்பர் 1 அல்லது 15. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும். நிதி உதவி போதவில்லை என்றால் விலக வழி உண்டு, ஆனால் அந்த நிலைக்கே போகாமல் இருக்கத்தான் முன்பே செலவுக் கணக்குப் போடச் சொன்னோம்.

அணியோடு தங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

கோச்சிடம் கேட்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். முதலாண்டுக்காரர்களுக்கு எல்லாம் அழகாகத் தெரியும், கடைசி ஆண்டுக்காரர்கள் கிளம்பும் மனநிலையில் இருப்பார்கள்.

முதலாண்டில் வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினீர்கள், யார் தீர்மானித்தது? பள்ளியில் 40 மைல் ஓடிய பையனுக்கு முதல் இலையுதிர் பருவத்தில் 50–55, நான்காம் ஆண்டில் 70–80 என்று படிப்படியாக ஏறினால் ஆரோக்கியம். எல்லாருக்கும் ஒரே அட்டவணை, செப்டம்பரிலேயே 70 என்றால் கால் எலும்பு தாங்காது என்று நாம் விளையாட்டாகச் சொல்வதில்லை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் பாதத்திலும் விரிசல் விழுவது இந்த அவசரத்தால்தான்.

காயம்பட்டவர்கள் பயிற்சி நேரத்தில் எங்கே இருக்கிறார்கள்? நீச்சல் குளத்திலோ சைக்கிளிலோ, கோச் கொடுத்த திட்டத்தோடு, சாப்பாட்டு மேசையில் அணியோடு இருந்தால் நல்லது. 'அவங்க தனியாப் பார்த்துக்குவாங்க' என்றால் யோசியுங்கள். வலி இருக்கும்போது ஓடலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? அத்லெடிக் டிரெய்னர் எனப்படும் காய மருத்துவ உதவியாளருக்கு இருக்க வேண்டும், கோச்சுக்கு அல்ல.

இரவுச் சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஓட்டக்காரர்கள் தட்டு நிறையச் சாப்பிட்டு, இரண்டாம் முறை எழுந்து போய், அரட்டை அடித்து உட்கார்ந்திருந்தால் அந்த அணி நலமாக இருக்கிறது. மேசையில் எல்லார் தட்டிலும் இலைதழை மட்டும், யார் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று ஓரக்கண் பார்வை என்றால், அங்கே ஏதோ சரியில்லை. எடை பார்ப்பது, கொழுப்புச் சதவீதம் அளப்பது, உடலைப் பற்றிக் கோச் பேசுவது நடக்கிறதா என்றும் பெண்கள் பெண்களிடம் கேட்கட்டும்.

அவள் சைவம். கல்லூரிச் சாப்பாட்டில் ஓட முடியுமா?

தாராளமாக. ஆனால் கவனம் இரண்டு இடத்தில் வேண்டும். முதலாவது மொத்த அளவு. பயிற்சிக்கு ஏற்ற சக்தி உடலுக்குக் கிடைக்காவிட்டால் முதலில் மாதவிடாய் நிற்கும், பிறகு எலும்பு பலவீனமாகும், நேரமும் சரியும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. பையன்களுக்கும் வரும். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் 'ஓடுவதால்தான்' என்று விடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் என்ற சேமிப்பு இறங்கியிருக்கலாம். கால் கனக்கும், வழக்கமான வேகமே மூச்சு வாங்கும். விளையாட்டு மருத்துவர்கள் பலர் ஃபெரிட்டின் 30-க்கு மேல் இருக்கப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை இரத்தப் பரிசோதனை போதும். ராஜ்மா, கொண்டைக்கடலை, டோஃபு, கீரை இவற்றோடு எலுமிச்சையோ ஆரஞ்சோ சேரட்டும். காபி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணிநேரம் தள்ளி வையுங்கள். பரிசோதனை இல்லாமல் மாத்திரை வேண்டாம், இரும்பு கூடினாலும் கெடுதல்.

கல்லூரிக்குப் போகும்போது உணவுக்கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். பயிற்சி முடிந்து ஆறே முக்காலுக்கு வருபவர்களுக்குப் பருப்பு வகை எதுவும் மிச்சம் இருக்கிறதா, வார இறுதியில் எப்போது மூடுகிறார்கள்? இந்தச் சின்ன விஷயம் பல சைவப் பிள்ளைகளின் முதல் வருடத்தைக் கெடுத்திருக்கிறது.

பொறியியல், மருத்துவ முன்படிப்போடு ஒத்துவருமா?

வரும். டி3-யின் பலமே அது. சிக்கல் ஆய்வக வகுப்பு நேரத்தில். வேதியியல், உயிரியல் ஆய்வகம் பெரும்பாலும் பிற்பகல் 1 முதல் 4, சில நேரம் 5 வரை. பயிற்சி 4 அல்லது 4:30-க்கு. ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தனியாக ஓட வேண்டுமா, கோச் காலையில் இன்னொரு வேளை வைக்கிறாரா என்று கேளுங்கள். நெடுந்தூரக்காரருக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி, டிசம்பரிலிருந்து மார்ச் வரை உள்ளரங்கம், மே வரை வெளி டிராக் என்று மூன்று பருவமும் வேலைதான்.

டி1-ல் வாக்-ஆன் ஆக, அதாவது உதவித்தொகை இல்லாமல் அணியில் சேரலாமே?

முன்பைவிடக் கடினம். கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் இணைந்த டி1 கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர், டிராக்கில் 45 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த இடங்கள்தான் முதலில் போயின. அப்படி வெளியேறும் ஓட்டக்காரர்கள் டி3 பக்கம் வருவதால் இங்கேயும் போட்டி ஏறுகிறது.

குளிர், மலை, பாதை எல்லாம் எவ்வளவு முக்கியம்?

பாதை மிக முக்கியம். நான்கு வருடத்தில் பல ஆயிரம் மைல் அதில்தான் ஓடப்போகிறார். கார்ல்ட்டனுக்கு வளாகத்தை ஒட்டியே 800 ஏக்கருக்கு மேல் மரக்காடு, ஹேவர்ஃபர்டில் வளாகத்தைச் சுற்றியே மண்பாதை. எல்லா ஓட்டமும் சிமெண்ட் நடைபாதையில் என்றால் கால் சீக்கிரம் சொல்லும். குளிர் பழகிவிடும். 200 மீட்டர் உள்ளரங்க டிராக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கல்லூரியே மூடிவிட்டால்?

வீண் பயம் இல்லை. பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2024 மே 31-ல் மூடப்பட்டது. அதன் பேஸ்பால் அணி கல்லூரியே இல்லாத நிலையில் டி3 தேசிய இறுதிச் சுற்றில் ஆடியது. நியூயார்க்கின் வெல்ஸ் கல்லூரி அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் அறிவித்து, அந்தப் பருவத்தோடு மூடியது. மாணவர்களுக்கு வேறு இடம் தேடச் சில வாரங்களே இருந்தன.

ஐந்து வருட மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். வருடா வருடம் சரிகிறதா? தனியார் கல்லூரிகளின் வரிப் படிவம் 990 பொதுவில் கிடைக்கும், அதில் வரவைவிடச் செலவு தொடர்ந்து மூன்று வருடம் அதிகமா? துறைகளை மூடுகிறார்களா? ஆயிரம் பேருக்கும் குறைவான மாணவர்கள், சின்ன நிதிக் கையிருப்பு, பெருந்தள்ளுபடி மூன்றும் சேர்ந்த இடத்தில் அணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்று ஏற்பாடு கையில் இருக்கட்டும்.

கோச் போய்விட்டால்?

போகலாம். சின்னக் கல்லூரியில் ஒருவரே அணியின் முதுகெலும்பு. எத்தனை வருடமாக இருக்கிறார், துணைக் கோச் முழுநேரமா என்று கேளுங்கள். கோச்சும் இல்லை, ஓட்டமும் இல்லை என்றால்கூட இந்தக் கல்லூரியில் படிக்க விரும்புவாயா என்று பிள்ளையைக் கேளுங்கள். தயங்கினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இடம் கிடைத்தாயிற்று. இனி?

ஜூனில் இரண்டு வாரம் முழு ஓய்வு. பிறகு பள்ளியில் ஓடிய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கி வாரம் நான்கைந்து மைல் ஏற்றி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, ஆகஸ்ட் நடுவில் கோச் சொன்ன அளவுக்கு வர வேண்டும். பெரும்பாலும் மெதுவான ஓட்டம், வாரம் ஒரு நீண்ட ஓட்டம், ஓட்டம் முடிந்து ஆறு தடவை 100 மீட்டர் தளர்வான வேக ஓட்டம். கோச்சின் அட்டவணையில் 45 மைல் என்றிருந்தால் 60 ஓடிக் காட்டி அசத்த வேண்டாம், செப்டம்பரில் ஊன்றுகோலோடு நிற்கும் முதலாண்டுக்காரர்கள் பெரும்பாலும் அப்படி அசத்தப் பார்த்தவர்கள்தான்.

ஜூலையிலேயே மருத்துவப் படிவங்களை முடியுங்கள். முதல் பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எடுத்த உடல் பரிசோதனை வேண்டும். சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்தக் கோளாறுக்கான பரிசோதனை முடிவும் கேட்பார்கள். பிறந்தபோது எடுத்த பரிசோதனைத் தாள் மருத்துவமனையில் இருந்தால் அதுவே போதும். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இருக்காது என்பதால் புதிதாக இரத்தம் கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும், முடிவு வர ஒரு வாரமாவது விடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் முதல் நாள் பயிற்சியில் இறங்க விடாமல் போகலாம்.